64 கண்ணிகளில் ஒரு பாதம்

கையால் பின்னிய கம்பளி சாக்ஸ் ஒன்றின் பாதப் பகுதியில், ஏதாவது ஒரு வரிசையில், ஒரே ஒரு கண்ணியைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். வெட்டிய நுனியை ஊசிமுனையால் அடுத்த கண்ணியிலிருந்து உருவி, அதற்கடுத்ததிலிருந்தும் உருவி, அப்படியே ஒரு சுற்று வந்தால் சாக்ஸ் இரண்டு துண்டாகக் கழன்று கையில் வரும். மேல் துண்டின் ஓரத்தில் 64 கண்ணிகள், கீழ்த் துண்டின் ஓரத்தில் 64 கண்ணிகள், வாய் திறந்து வரிசையாக நிற்கும். பாதம் நீளமாக இருந்தால் மேல் துண்டில் ஆறு சுற்று பிரித்துவிடலாம். குட்டையாக இருந்தால் ஆறு சுற்று கூட்டிப் பின்னலாம். பிறகு மொட்டை ஊசியில் நூலைக் கோத்து, போன வரிசை எந்தப் பாதையில் போயிருந்ததோ அதே பாதையில் நூலை ஓட்டி இரண்டு துண்டையும் சேர்த்துவிடலாம். இழுப்பு ஒரே சீராக இருந்தால், சேர்த்த இடத்தைப் பின்னியவராலேயே கண்டுபிடிக்க முடியாது.

பலர் இதைச் செய்யப் பயப்படுகிறார்கள். வெட்டினால் எல்லாம் பிரிந்து ஓடிவிடும் என்ற பயம். நைலான் ஸ்டாக்கிங்கில் ஒரு கண்ணி அறுந்தால் கோடு சரசரவென்று கீழே இறங்குவதை எல்லோரும் பார்த்திருப்பதால் வரும் பயம் அது. நைலான் இழை வழவழப்பானது. பிடிமானம் இல்லாத கண்ணி வழுக்கிக்கொண்டே போகும். கம்பளி இழை அப்படியல்ல. அதன் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு. இழையே நெளிநெளியாக வளர்கிறது. அந்த நெளிவுகளும் செதில்களும் பக்கத்து இழையைப் பிடித்துக்கொள்கின்றன. சாக்ஸுக்கென்று விற்கும் நூல் பெரும்பாலும் 75 சதவீதம் கம்பளியும் 25 சதவீதம் நைலானும் கலந்தது. துவைக்க வசதியாகச் செதில்களைக் குளோரினால் மழுக்கி, மேலே மெல்லிய பாலிமர் பூசியிருப்பார்கள். அப்போதும் நெளிவும் முறுக்கும் மிச்சம் இருக்கின்றன. நீங்கள் பிடித்து இழுக்காதவரை திறந்த கண்ணி இருந்த இடத்திலேயே இருக்கும்.

கண்ணியை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு பருத்தி பனியனின் விளிம்பைப் பிடித்து இழுங்கள், நன்றாக விரியும். அதே பனியனிலிருந்து ஒரு நூலை உருவி அதை மட்டும் இழுங்கள். கிட்டத்தட்ட விரியாது, அறுந்துவிடும். விரியாத நூலால் ஆன துணி எப்படி விரிகிறது? நூல் நீள்வதில்லை, அதன் வளைவு மாறுகிறது. குறுகி உயரமாக நின்ற கண்ணி அகன்று குட்டையாகிறது. பக்கத்துக் கண்ணியிலிருந்து கொஞ்சம் நூல் சறுக்கி வருகிறது. கையை விட்டால், வளைந்த நூல் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கிறது. பிரான்ஸில் சாமுவேல் புவான்க்ளூ, மொக்தார் அடா-பெடியா, ஃபிரெடெரிக் லெஷெனோ என்ற மூன்று இயற்பியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நூலின் நீளம் மாறவே மாறாது, வளைக்க ஆகும் ஆற்றல் மட்டுமே கணக்கு என்று வைத்துக்கொண்டு, பின்னல் துணியின் வடிவத்தையும் இழுவிசையையும் கணித்துக் காட்டினார்கள்.

அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1959இல், பிரிட்டனில் டி. எல். மண்டென் என்ற ஜவுளி ஆய்வாளர் இன்னொரு எளிய உண்மையைக் கண்டிருந்தார். இறுக்கம் தளர்ந்து இயல்பு நிலைக்கு வந்த பின்னல் துணியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணிகள் இருக்கும் என்பதை முக்கியமாக முடிவு செய்வது ஒரு கண்ணிக்குள் இருக்கும் நூலின் நீளம். கண்ணிநீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் கண்ணி அடர்த்தி அமைகிறது. கண்ணிநீளம் 10 சதவீதம் கூடினால் அடர்த்தி சுமார் 17 சதவீதம் குறைகிறது. துணி அகலத்திலும் நீளத்திலும் பத்துப் பத்து சதவீதம் வளர்கிறது. திருப்பூரில் நிட்டிங் மெஷின் ஓட்டுபவர்கள் ‘லூப் லெங்த்’ என்று சொல்லிச் சரிபார்ப்பது இதைத்தான். துணியின் எடையும் அகலமும் துவைத்த பிறகு சுருங்கும் அளவும் அந்த ஒற்றை அளவைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

கையால் பின்னுகிறவர் லூப் லெங்த்தை ஊசியின் பருமனால் மாற்றுகிறார். இரண்டேகால் மி.மீ. ஊசிக்குப் பதில் இரண்டரை மி.மீ. ஊசி எடுத்தால், 10 செ.மீ.க்கு 32 கண்ணி வந்த இடத்தில் 30 வரக்கூடும். 64 கண்ணிச் சுற்றின் சுற்றளவு 20 செ.மீ.யிலிருந்து 21.3 செ.மீ. ஆகிவிடும். கால் மி.மீ. ஊசியில் மாறினால் காலில் ஒன்றேகால் செ.மீ.க்கு மேல் மாறுகிறது. சாக்ஸ் சரியாக உட்காரவில்லை என்று வருந்துகிறவர்களில் பலர் கண்ணி எண்ணிக்கையைத்தான் சந்தேகிக்கிறார்கள். என் கருத்தில் முதலில் அளக்க வேண்டியது பின்னிய துணியில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி வந்திருக்கிறது என்பதை. மாதிரிப் புத்தகம் எழுதியவரின் கையும் உங்கள் கையும் ஒன்றல்ல.

எத்தனை கண்ணி வேண்டும் என்ற கணக்கில் புதியவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. சாக்ஸ் காலைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். விரல்களுக்குப் பின்னால் பாதம் மிக அகலமாக இருக்கும் இடத்தில் நாடாவைச் சுற்றி அளந்தால் 22 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாக்ஸின் சுற்றளவு அதைவிட 10 சதவீதம் குறைவாக, சுமார் 19.8 செ.மீ. இருக்க வேண்டும். செ.மீ.க்கு 3.2 கண்ணி வீதம் கணக்கிட்டால் 63 சொச்சம். இரட்டைப்படையாக நான்கால் வகுபடும்படி 64. அந்த 10 சதவீதக் குறைவுதான் ஒவ்வொரு கண்ணியையும் சற்றே அகல விரித்து வைத்திருக்கிறது. விரிந்த கண்ணி திரும்பப் பார்ப்பதால் சாக்ஸ் பாதத்தைப் பிடித்து நிற்கிறது. காலின் அளவுக்கே பின்னினால் பிடிமானம் இருக்காது. ஷூவுக்குள் துணி நழுவி, மடிந்து, மடிப்பு விழுந்த இடத்தில் தோல் கொப்பளிக்கும்.

நீளத்துக்கும் இதே மாதிரி ஒரு குறைவு உண்டு, ஆனால் சிறியது; பாதத்தைவிட ஒரு செ.மீ.யோ கொஞ்சம் கூடுதலாகவோ குட்டையாக இருந்தால் போதும். மேலிருந்து கீழாகப் பின்னிய சாக்ஸில் நீளத்தைத் திருத்துவது சுலபம். விரல்நுனியில் முடித்த நூலை அவிழ்த்தால், கடைசியாகப் பின்னியது முதலில் பிரியும். 10 செ.மீ.க்கு 44 வரிசை என்றால் ஒரு வரிசைக்கு 2.3 மி.மீ.; ஒரு செ.மீ. குறைக்க நான்கு சுற்று.

இனி குதிகால். இந்தக் கைவேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஒரு தேங்காயைச் செய்தித்தாளில் சுற்றிப் பாருங்கள். எப்படிச் சுற்றினாலும் எங்காவது சுருக்கம் விழும். தட்டையான பரப்பை நீட்டாமலும் சுருக்காமலும் கோளத்தின் மேல் படிய வைக்க முடியாது என்பது ஜெர்மானியக் கணித மேதை கவுஸ் 1827இல் நிறுவிய தேற்றத்திலிருந்து வருகிறது. ஒரு பரப்பின் உள்ளார்ந்த வளைவு அந்தப் பரப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மடித்தாலும் உருட்டினாலும் அது மாறாது. காகிதத்தை உருளையாக உருட்டலாம், ஏனென்றால் உருளையின் உள்ளார்ந்த வளைவு பூஜ்யம். சாக்ஸின் கால் பகுதியும் பாதப் பகுதியும் உருளைதான். சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போனால் வந்துவிடும். சிக்கல் கணுக்காலில் தொடங்குகிறது. குதிகால் உருண்டை கோளத்தைப் போல எல்லாத் திசையிலும் வெளியே புடைத்திருக்கிறது. அதற்கு நேர் எதிரே, முன்பக்கம் காலும் பாதமும் சந்திக்கும் மடிப்பில், ஒரு திசையில் உள்வாங்கியும் மறு திசையில் புடைத்தும் சேணம் போன்ற வளைவு இருக்கிறது. ஒரே உயரத்தில், ஒரு சாண் சுற்றளவுக்குள், இரண்டு எதிரெதிர் வளைவுகள்.

வெறும் குழாயாகப் பின்னிய சாக்ஸைப் போட்டால் அந்தக் கணக்கைக் கண்ணிகளே தீர்க்க வேண்டியிருக்கிறது. குதிகாலில் துணி இழுபட்டு மெலிகிறது, முன்மடிப்பில் துணி மிஞ்சிச் சுருள்கிறது. கைப்பின்னல்காரர்கள் வேறு வழி கண்டார்கள்: எந்த இடத்தில் பரப்பு அதிகம் வேண்டுமோ அந்த இடத்தில் கூடுதல் வரிசைகளைப் பின்னிவிடுவது.

64 கண்ணிச் சாக்ஸில் முன்பக்கத்து 32 கண்ணிகளைச் சும்மா நிறுத்திவிட்டு, பின்பக்கத்து 32 கண்ணிகளில் மட்டும் முன்னும் பின்னுமாக 32 வரிசை பின்னுகிறார்கள். குதிகாலுக்குப் பின்னால் நிற்கும் ஒரு பட்டை கிடைக்கிறது. இதில் ஒன்றுவிட்டு ஒரு கண்ணியைப் பின்னாமல் ஊசி மாற்றுவது வழக்கம். அந்தக் கண்ணி இரண்டு வரிசை உயரத்துக்கு நிற்க, பின்னால் நூல் குறுக்கே ஓடுவதால் துணி தடிமனாகிறது. ஷூ உரசும் இடத்துக்கு அது காப்பு. அடுத்து வருவதுதான் குதிகாலைத் திருப்புவது. 18 கண்ணி பின்னி, அடுத்த இரண்டை ஒன்றாக்கி, இன்னொன்று பின்னி, மீதி 11 கண்ணியைத் தொடாமலேயே திரும்பிவிட வேண்டும். மறுபக்கமும் நடுவில் கொஞ்சம் பின்னி, இரண்டை ஒன்றாக்கி, 11 கண்ணியை விட்டுத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நடுத்துண்டு கொஞ்சம் அகன்று, விடுபட்ட கண்ணிகளை இரண்டிரண்டாக விழுங்கிக்கொண்டே போகிறது. 14 வரிசை முடியும்போது 32 கண்ணி 18 ஆகியிருக்கும். நடுவில் 14 வரிசை, ஓரக் கண்ணிக்கு ஒரே வரிசை. நடுவில் மட்டும் 3 செ.மீ. அளவுக்குக் கூடுதல் துணி சேர்ந்துவிட்டதால் தட்டையாக இருக்க முடியாமல் அது கிண்ணமாகக் குழிகிறது. சுருக்கமில்லை, தையலில்லை. கவுஸ் பிறப்பதற்கு நூற்றாண்டுகள் முன்பிருந்தே ஐரோப்பாவில் பின்னியவர்களின் விரல்கள் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தன.

கிண்ணம் முடிந்ததும் பட்டையின் இரண்டு ஓரங்களிலிருந்தும் 16, 16 கண்ணிகளை எடுத்து, நிறுத்தி வைத்த 32ஐயும் சேர்த்து மறுபடி சுற்றாகப் பின்னுகிறார்கள். 18, 16, 16, 32: மொத்தம் 82. பாதத்துக்கு வேண்டியது 64தான். மிஞ்சிய 18 கண்ணிகளை ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் இரண்டிரண்டாகக் குறைத்தால் 18 சுற்றில் சரியாகிவிடும். பக்கவாட்டில் முக்கோணமாக ஒரு துண்டு உருவாகும். சாக்ஸ் மேற்பாதத்தை அழுத்துகிறது, குதிகால் கிண்ணம் உள்ளங்காலுக்கு அடியில் இழுக்கப்படுகிறது என்ற புகார்களெல்லாம் இந்த முக்கோணத்தில் வந்து நிற்கின்றன. மேற்பாதம் உயரமாக உள்ளவருக்கு 82 கண்ணி போதாது. திருத்தம் பட்டையில் இருக்கிறது: 32 வரிசைக்குப் பதில் 38 பின்னினால் ஓரங்களில் 19, 19 கண்ணி கிடைக்கும், மொத்தம் 88. அந்த இடத்தின் சுற்றளவு 25.6 செ.மீ.யிலிருந்து 27.5 செ.மீ.க்கு ஏறும். ஆறே வரிசை, ஒரு மணி நேர வேலைகூட இல்லை, ஆனால் அந்தச் சாக்ஸ் அலமாரியில் கிடக்குமா காலில் இருக்குமா என்பது இதில் தீர்மானமாகிவிடுகிறது. மாறாக, கணுக்காலின் இரு பக்கமும் துணி தொளதொளவென்று பை போட்டால் பட்டையைக் குறைக்க வேண்டும். சுற்றளவு சரியாகவே இருக்கும்போது கண்ணி எண்ணிக்கையில் கை வைக்காதீர்கள்.

ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய சாக்ஸ் ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. எகிப்தின் அந்தினோபொலிஸில் கிடைத்த, ஒரு குழந்தையின் இடது கால் சாக்ஸ். செருப்பு வார் நுழையும்படி பெருவிரலுக்குத் தனி அறை வைத்துச் செய்திருக்கிறார்கள். 2018இல் வெளியான ஆய்வில் அதன் பல வண்ணக் கோடுகளும் சிவப்பு, நீலம், மஞ்சள் என்ற மூன்றே தாவரச் சாயங்களிலிருந்து கலந்து வந்தவை என்று தெரிந்தது. பாதத்துக்கேற்ற வடிவம் அதில் இருக்கிறது, ஆனால் அது இரண்டு ஊசிப் பின்னல் அல்ல. ஒற்றை ஊசியில் கோத்த நூல்துண்டு முழுவதையும் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நுழைத்து எடுக்கும் பழைய முறை, நால்பிண்டிங் என்பார்கள். அப்படிச் செய்த துணியில் நூலைப் பிடித்து இழுத்தால் பிரியாது. உறுதி அதிகம்; ஆனால் குழந்தையின் கால் வளர்ந்தால் அவிழ்த்து மாற்ற வழியில்லை. பிற்காலத்து, இடைக்கால எகிப்திலிருந்து நீலமும் வெள்ளையுமாகக் கிடைத்திருக்கும் பருத்தி சாக்ஸ்கள் இன்றைய பின்னல் முறையில் ஆனவை. நூலின் நுனி எங்கும் நுழையாமல், கண்ணிக்குள் கண்ணி மட்டும் இழுக்கப்படுகிறது. இதனால் ஒரே நூல் எவ்வளவு நீளமாகவும் தொடரலாம். எந்த வரிசை வரைக்கும் திரும்பிப் போகலாம். ஒரு சாக்ஸில் சுமார் 12,000 கண்ணிகள், கண்ணிக்கு ஏறத்தாழ 12 மி.மீ. நூல். 140 மீட்டருக்கு மேற்பட்ட நூலில் ஒரு முடிச்சுகூட இல்லை.

திருத்துவதற்கு முன் துவைத்துவிடுங்கள். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னும்போது நூல் ஊசியின் இழுப்பில் இருக்கிறது. காலில் போடும்போது கண்ணிகள் விரிந்து நூல் சறுக்குகிறது. சறுக்கிய நூலை உராய்வு அங்கேயே பிடித்துக்கொள்கிறது. துணி நினைத்தபடியெல்லாம் வழுக்காமல், சிறு சிறு திடீர்ச் சறுக்கல்களாகவே நகர்கிறது. அந்தப் பிரெஞ்சுக் குழுவினரே அளந்து பார்த்தபோது அந்தச் சறுக்கல்களின் அளவுகள் பரவியிருந்த விதம் நிலநடுக்கங்களின் அளவுகள் பரவியிருக்கும் விதத்தை ஒத்திருந்தது. மாலையில் சாக்ஸ் தளர்ந்து தெரிவது இந்தச் சிக்குண்ட நிலையால்தான். தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உலர்த்தும்போது கம்பளியின் கெரட்டின் புரதத்தில் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்ந்து, உலரும்போது புதிய இடத்தில் மறுபடி அமைகின்றன. நூலும் அசைந்து தன் இயல்பான வளைவுக்கு வருகிறது. பெரிதாகத் தெரிந்த சாக்ஸ் பல சமயம் இந்த ஒரு துவைப்பிலேயே சரியாகிவிடும். சாக்ஸ் பெரிதாகிவிட்டது என்று வெந்நீரில் போட்டுக் கசக்கிச் சுருக்க நினைப்பவர்களும் உண்டு. அந்த வழி வேண்டாம். செதில் மழுக்கிய நூல் அதற்கு மசியாது. மழுக்காத கம்பளியில் இழைகள் ஒரு திசையில் மட்டும் நகர்ந்து செதில்களால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். சுருங்கும், ஆனால் கண்ணி அசைய இடமில்லாமல் கெட்டியாகிவிடும். அதன் பிறகு அவிழ்க்கவும் முடியாது.

மேல்விளிம்பு ஏறவில்லை என்பது இன்னொரு பொதுவான குறை. கணுக்காலின் முன்மடிப்பிலிருந்து குதிகாலைச் சாய்வாகச் சுற்றி அளந்து பாருங்கள். பாதச் சுற்றளவு 22 செ.மீ. உள்ளவருக்கே அது 30 செ.மீ.யைத் தொட்டுவிடும். 20 செ.மீ. விளிம்பு அதைத் தாண்டிப் போக ஒன்றரை மடங்கு விரிய வேண்டும். அதற்குத்தான் விளிம்பில் ரிப். முகத்தைப் பார்த்து வரும் கண்ணியை நிட் என்றும் முதுகு காட்டும் கண்ணியை பர்ல் என்றும் சொல்கிறோம். நிட் மட்டும் பின்னிய, திருப்பூரில் சிங்கிள் ஜெர்சி என்று சொல்லும் துணி விளிம்பில் சுருண்டுகொள்ளும். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் ஒவ்வொரு தூணும் எதிரெதிர்ப் பக்கம் சுருளப் பார்த்து, துணி கொசுவம் வைத்தாற்போல் உள்ளே மடிந்து நிற்கும். மடிந்திருப்பது விரியும், விட்டால் மறுபடி மடியும். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக்கில் எலிசபெட்டா மட்சுமோட்டோவின் குழு 2024இல் காட்டியதும் இதுதான்: நூல் ஒன்றே, நிட்டும் பர்லும் வரும் வரிசை மட்டும் வேறு, இழுபடும் தன்மை பெரிதும் மாறுகிறது.

ரிப் விரிந்தும் விளிம்பு ஏறவில்லை என்றால் குற்றவாளி முதல் வரிசை. ஊசியில் நூலேற்றிய அந்த வரிசையில் கண்ணிக்குப் போதிய நூல் இல்லை. அதை வெட்டி எடுத்துவிட்டு, திறந்த கண்ணிகளைத் தளர்வாக முடித்தால் போதும். கால் உயரத்தைக் கூட்ட அங்கிருந்தே மேல்நோக்கிப் பின்னினால் மட்டும் ஒரு விசித்திரம் நேரும். தலைகீழாகப் பார்க்கும்போது ஊசியில் ஏறுவது பழைய கண்ணிகளின் தலை அல்ல. இரண்டு கண்ணிகளுக்கு இடையே தொங்கிய நூல்வளைவு. ஆகவே புதிய வரிசை முழுவதும் அரைக்கண்ணி தள்ளி உட்காரும். சிங்கிள் ஜெர்சியில் அது கண்ணுக்கே படாது. ரிப்பில் தூண்கள் அரைக்கண்ணி முறிந்து தெரியும். எவ்வளவு கவனமாகப் பின்னினாலும் இதைத் தவிர்க்க முடியாது. அதனால் ரிப்புக்குக் கீழே, வெறும் நிட் இருக்கும் இடத்தில் வெட்டி அங்கிருந்து தொடங்குவது நல்லது.

விரல்நுனிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுக்கு நான்கு கண்ணி வீதம், ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் குறைத்துக்கொண்டே போவது வழக்கம்; விரல்கள் அகலமாக முடிபவருக்குக் கடைசியில் எல்லாச் சுற்றிலும் குறைத்து மொட்டையாக முடிக்கலாம். மீதிக் கண்ணிகளைச் சேர்க்கும் தையலுக்குக் கிச்சனர் என்று பெயர், முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் போர் அமைச்சராக இருந்தவர் பெயரால். பதுங்குகுழியின் ஈரத்தில் நாள்கணக்கில் பூட்ஸைக் கழற்றாமல் நின்ற சிப்பாய்களுக்கு, விரல்மேல் புடைத்து நிற்கும் ஒரு தையல்கூடப் புண்ணாகிவிடும்.

அளவெடுக்கும் நேரமும் முக்கியம். பாதம் காலையைவிட மாலையில் சற்றுப் பெரிது. உட்கார்ந்திருக்கும்போதைவிட நிற்கும்போது நீளம். மாலையில், எடை முழுவதையும் ஊன்றி நின்றுகொண்டு அளக்க வேண்டும், இரண்டு கால்களையும் தனித்தனியாக. பலருக்கு இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. வலது காலின் குதிகால் பட்டைக்கு 36 வரிசை, இடது காலுக்கு 32, பாத நீளத்தில் இரண்டு சுற்று வித்தியாசம் என்று வந்தால் அப்படியே பின்னுங்கள். அந்த எண்களைப் பயன்படுத்திய ஊசியின் அளவோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மிச்சமான நூலுருண்டையில் செருகி வைத்தால், குதிகால் தேய்ந்து பட்டையைப் புதிதாகப் பின்ன வேண்டி வரும் அன்றைக்கு அளவும் அதே சாய நூலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்.